வேண்டாம் என்றவர்கள் எத்தனை பேர்?

தொலைபேசியில் பேசியவர் மிகவும் மரியாதையானவர். "மேடம், எங்க எதிக்ஸ் கமிட்டிக்கு ஒரு பெண் உறுப்பினர் வேணும். மருத்துவம் சாராத பொது ஆள் ஒருத்தரும் வேணும். நீங்க வந்தீங்கன்னா ரெண்டும் சரியாயிடும்" என்றார். ஒரு நாற்காலியில் இரண்டு கட்டங்கள் நிரம்பும் சிக்கனம் அவருக்கு நிம்மதியாக இருந்தது. நானும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டேன். ஓசூரில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஒருத்தியை மருத்துவ ஆய்வுக்கு நெறி பார்க்கக் கூப்பிடுகிறார்கள் என்பதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவர் சொன்னது சட்டப்படி சரிதான். மனிதர்கள் மேல் நடக்கும் மருந்துப் பரிசோதனைகளைப் பார்வையிடும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், பாதிப் பேர் அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும், சட்டம் அறிந்தவர், பொதுமக்களில் ஒருவர், பெண் ஒருவர் வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஏழில் ஒருத்தி பெண்ணாக இருந்தால் போதும் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. ஆய்வுகளின் பட்டியலைப் பார்த்தபோதுதான் உறைத்தது. ரத்தசோகை, கருத்தடை, பேறுகாலம், மாதவிடாய் என்று மேசைக்கு வரும் உடல்களில் பெரும்பாலானவை பெண்ணுடல்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்தி.

என் முன் வந்த முதல் ஆய்வுகளில் ஒன்று, தொழிற்சாலை விடுதிகளில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்களின் ரத்தசோகை பற்றியது. ஓசூரைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பெண்களைத் தெரியும். 1970-களில் சிப்காட் வந்தது. பிறகு அசோக் லேலண்ட், டைட்டன் என்று ஊர் வளர்ந்தது. இப்போது மின்னணுத் தொழிற்சாலைகளுக்காகப் பேருந்து பேருந்தாகப் பெண்கள் வருகிறார்கள். தளி, அஞ்செட்டி, ஊத்தங்கரையிலிருந்து வருகிறவர்கள் உண்டு. ஜார்கண்ட், ஒடிசாவிலிருந்து வருகிறவர்களும் உண்டு. பதினெட்டு, இருபது வயது. முதல் சம்பளத்தில் வீட்டுக்கு மிக்சியும் தம்பிக்குக் கைபேசியும் வாங்குகிறவர்கள். நின்றுகொண்டே வேலை, மாறி மாறி வரும் ஷிஃப்ட். இவர்களுக்கு ரத்தம் குறைவாக இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல காரியம். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

குழுவில் எனக்குத் தந்த வேலை, ஒப்புதல் படிவத்தின் தமிழைச் சரிபார்ப்பது. ஆங்கிலத்திலிருந்து யாரோ பெயர்த்த கரடுமுரடான தமிழ். அதை உட்கார்ந்து செம்மைப்படுத்தினேன். 'பங்கேற்பு முற்றிலும் உங்கள் விருப்பம். வேண்டாம் என்றால் எந்தப் பாதிப்பும் வராது' என்று எளிமையாக்கினேன். பரிசோதனை முடிவுகள் குறித்த வரி ஒன்று குழப்பமாக இருந்தது. 'உங்கள் நலன் கருதி உரியவர்களிடம் பகிரப்படும்' என்று மாற்றினேன். ஒரு கேள்வியும் கேட்டேன்: "பெண்களை எப்படிக் கூப்பிடுவீர்கள்?" ஞாயிற்றுக்கிழமை விடுதியில் வார்டன் எல்லாரையும் திரட்டித் தருவார் என்றார்கள். "அப்படியானால் வராதவர் யார் என்று வார்டனுக்குத் தெரிந்துவிடுமே?" என்றேன். ஒரு நிமிட மௌனம். "சாதாரண ரத்தப் பரிசோதனைதானே மேடம், ஊசி குத்துற வலிதான்" என்றார் ஒருவர். மற்றவர்கள் அடுத்த கோப்பைப் புரட்டினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

பல மாதங்கள் கழித்து அந்த விடுதியில் தங்கியிருந்த என் முன்னாள் மாணவி ஒருத்தி பேருந்து நிலையத்தில் எதிர்ப்பட்டாள். பேச்சுவாக்கில் ரத்தம் எடுத்த கதை வந்தது. "வேணாம்னா சொல்லலாம்னு அந்தத் தாள்ல போட்டிருந்துச்சு மேடம். யார்கிட்ட சொல்லணும்னு போடல. வார்டன் அம்மா லிஸ்ட்ட கையில வச்சிக்கிட்டுப் பேரு பேரா கூப்பிட்டாங்க" என்றாள். ரத்தம் குறைவென்று வந்த பெண்களின் விவரம் நிர்வாகத்துக்குப் போயிருக்கிறது. அவர்களை நிற்கும் வேலையிலிருந்து எடுத்து உட்காரும் வேலையில் போட்டிருக்கிறார்கள். "நல்லதுக்குத்தான் பண்ணாங்க. ஆனா இன்சென்டிவ் போச்சு. ராத்திரி ஷிஃப்ட் காசும் போச்சு. ஒரு பொண்ணு அதை நம்பி சீட்டுக் கட்டிட்டிருந்துச்சு." பிறகு, கிண்டலே இல்லாமல், "அந்தத் தாள்ல தமிழ் ரொம்ப நல்லா இருந்துச்சு மேடம்" என்றாள்.

நான் எழுதிய தமிழ் என்று அவளிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அந்தப் படிவத்தின் நகலைத் தேடி எடுத்தேன். 'உரியவர்களிடம்.' யார் உரியவர்? நம் மொழியில் உரியவர் என்றால் சம்பந்தப்பட்டவர். உடைமையாளர் என்றும் பொருள். பெண்ணைக் குறித்துச் சொல்லும்போது கணவன் என்றும் பொருள். அவள் உடம்பில் ஓடும் ரத்தம் பற்றிய செய்திக்கு அவளைத் தவிர உரியவர் யாரோ இருக்கிறார்கள் என்று, இலக்கணப் பிழையில்லாமல், நான்தான் எழுதிக்கொடுத்திருந்தேன்.

*

இப்படிப்பட்ட குழுக்கள் ஏன் வந்தன என்று பிறகுதான் தேடிப் படித்தேன். வழக்கமாக இந்தக் கதையை நாஜி மருத்துவர்கள் மீதான விசாரணையிலும் 1947-இல் எழுதப்பட்ட நியூரம்பர்க் நெறிகளிலும் தொடங்குவார்கள். பெண்களின் வழியில் படித்தால் அதற்கு நூறு ஆண்டுகள் முன்னால் போக வேண்டியிருக்கும். 1840-களில் அமெரிக்காவின் அலபாமாவில் மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அடிமைப் பெண்களின் உடலில், மயக்கமருந்து இல்லாமல், திரும்பத் திரும்ப அறுவை செய்து பழகினார். அவர்களில் அனார்கா, பெட்சி, லூசி என்ற மூன்று பெயர்கள்தாம் நமக்குக் கிடைக்கின்றன. சிம்ஸை நவீனப் பெண்ணோயியலின் தந்தை என்றார்கள். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நின்ற அவர் சிலை 2018-இல்தான் அகற்றப்பட்டது.

நம் நாட்டுக் கதையும் நெடியது. 1985-இல் ஹைதராபாத்தை ஒட்டிய பட்டான்செருவில், நம் ஓசூரைப் போன்ற தொழிற்பேட்டைப் பகுதிதான் அது, நெட்-என் என்ற கருத்தடை ஊசியைச் சோதிக்க முகாம் நடந்தது. ஸ்திரீ சக்தி சங்கட்டனைப் பெண்கள் அங்கே போய்ப் பேசியபோது, வந்திருந்த பெண்களுக்கு இது பரிசோதனை என்ற விவரம் சரியாகத் தெரியவில்லை என்பது வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. 1970-களின் நடுவில் டெல்லியில் தொடங்கிய இன்னோர் ஆய்வில், கருப்பை வாயில் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சிகிச்சையின்றிக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். மாற்றம் புற்றாக வளர்கிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வாங்கவில்லை. இது பெரிதாக வெளியே வந்தது 1997-இல். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் விரிவான நெறிமுறைகளை வெளியிட்டது 2000-இல்.

நெறிமுறை வந்த பிறகும் என்ன நடந்தது என்பதற்குக் கம்மம் இருக்கிறது. 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், அரசுகளோடும் ஆராய்ச்சி கவுன்சிலோடும் சேர்ந்து, 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போட்டது. கம்மத்தில் மட்டும் சுமார் 14,000 சிறுமிகள். பலர் பழங்குடிப் பிள்ளைகள், அரசு விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வந்தது. பெண்கள் நல அமைப்புகள் ஊர் ஊராகப் போய் விசாரித்தன. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று விசாரணையில் சொன்னார்கள். அதை நான் மறுக்கவில்லை. அந்தத் தடுப்பூசி நல்ல தடுப்பூசி. கிடைத்தால் என் மாணவிகள் எல்லாரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்றே சொல்வேன். என்னைத் தூங்கவிடாதது வேறோர் எண்ணிக்கை. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு தன் அறிக்கையில் ஆந்திரத்தின் ஒப்புதல் படிவங்களைப் பற்றிச் சொல்கிறது: 9,543 படிவங்களில் 1,948-இல் கைநாட்டு, 2,763-இல் விடுதிக் காப்பாளரின் கையெழுத்து.

வார்டன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பெற்றோர் கூப்பிடு தூரத்தில் இல்லை, திட்டமோ நல்ல திட்டம், அரசே சொல்கிறது, பிள்ளையை நாள்தோறும் பார்த்துக்கொள்வதும் அவர்தானே. ஒவ்வொரு காரணமும் நியாயமாகத்தான் ஒலிக்கிறது. என் படிவத்தில் இருந்த 'உரியவர்' அவர்தான்.

*

இன்னோர் ஆய்வு நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது. அதைப் பற்றி எளிதாகத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. அதனாலேயே மாணவிகளோடு அதிகம் விவாதிப்பதும் அதைத்தான்.

2000-இல் தொடங்கிய அந்த ஆய்வு, விலையுயர்ந்த ஆய்வகம் தேவைப்படாத ஒரு சோதனையைப் பற்றியது. பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்ப்பார். மாற்றமுள்ள இடம் வெளுத்துத் தெரியும். ஊர்களைத் தொகுதிகளாகப் பிரித்துக் குலுக்கல் முறையில் பாதியில் சோதனை செய்தார்கள். மறுபாதியில் வழக்கமாகக் கிடைக்கும் மருத்துவ வசதியோடு விட்டுவிட்டுக் கணக்கு மட்டும் எடுத்தார்கள். 30 முதல் 59 வயதுவரையான பெண்கள். முடிவுகள் 2007-இல் லான்செட் இதழில் வந்தன. சோதனைக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களின் 49,311 பெண்களில் 83 பேர் கருப்பை வாய்ப் புற்றால் இறந்திருந்தார்கள். சோதனை செய்யாத ஊர்களின் 30,958 பெண்களில் 92 பேர். மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று நிரூபணமானது. இந்த எளிய சோதனை பின்னர் தமிழ்நாட்டு அரசின் திட்டமாகவே ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தது. என் அம்மாவுக்கும் அதைத்தான் செய்தார்கள்.

மும்பையிலும் உஸ்மானாபாத்திலும் இதைப் போன்ற ஆய்வுகள் நடந்தன. சோதனை செய்யாமல் விடப்பட்ட பிரிவுகளில் மூன்று ஆய்வுகளிலுமாகக் குறைந்தது 254 பெண்கள் இறந்ததைச் சுட்டிக்காட்டி, எரிக் சூபா என்ற அமெரிக்க மருத்துவர் பல ஆண்டுகள் கேள்வி எழுப்பினார். பரிசோதித்தால் உயிர் பிழைக்கலாம் என்பது பாப் ஸ்மியர் வந்த காலத்திலிருந்தே உலகுக்குத் தெரியுமே, ஒன்றுமே செய்யாத ஒரு பிரிவு எதற்கு என்பது அவர் வாதம். ஆய்வாளர்களின் பதிலும் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல: அந்த ஊர்ப் பெண்களுக்கு அன்று எந்தச் சோதனையும் கிடைக்கவில்லை, நாங்கள் எதையும் அவர்களிடமிருந்து பறிக்கவில்லை.

வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "குலுக்கல்ல போட்டது ஊரைத்தானே மேடம், பொம்பளைங்கள இல்லையே. ஊருக்காக யாரு சரின்னு சொன்னாங்க?" அவள் தொட்ட இடம்தான் முடிச்சு. ஊசி போடப்படுகிறவரிடம் ஒப்புதல் கேட்கத் தோன்றும். ஒன்றும் செய்யப்படாமல் எண்ணப்படுகிறவரிடம் என்ன கேட்பது? 'எதையும் பறிக்கவில்லை' என்ற வாக்கியம் ஏற்கெனவே எல்லாம் பறிக்கப்பட்டவரிடம் மட்டுமே சொல்லக்கூடிய வாக்கியம். சென்னையின் வசதியான வீட்டுப் பெண்களைக் குலுக்கலில் பிரித்துப் பாதிப் பேரை ஏழாண்டுகள் சும்மா பார்த்துக்கொண்டிருக்க எந்தக் குழுவும் இசைந்திருக்காது. வறுமையே ஆய்வுக்கான அனுமதிச் சீட்டு ஆகிறது. அதே சமயம், அந்த 92 பேரின் மரணத்தால் நிரூபணமான சோதனையில்தான் என் அம்மா பயனடைந்தாள் என்பதையும் நான் தின்று செரிக்க வேண்டியிருக்கிறது. பயன் பெற்றவள் நான் என்பதால் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டியது குறைந்துவிடாது. கூடுகிறது.

*

'ஒப்புதல்' என்ற சொல்லை நாம் அலுவலகங்களில் வைத்திருக்கிறோம். வீட்டில் புழங்குவது 'சம்மதம்.' பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், தட்டில் பஜ்ஜி ஆறிக்கொண்டிருக்கும்போது, "பொண்ணுக்குச் சம்மதம்தானே?" என்று கேட்பார்கள். கேள்வி அவளைப் பற்றியது; கேட்கப்படுவது அப்பாவிடம். அவள் தலையைக் குனிந்தால் வெட்கம், பேசாமல் நின்றால் மௌனம் சம்மதம். வேண்டாம் என்பதற்கான சைகை அந்தக் கூடத்தின் அகராதியிலேயே இல்லை. இந்தப் பயிற்சியில் வளர்ந்த பெண்ணிடம்தான் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் தாளை நீட்டி, 'முற்றிலும் உங்கள் விருப்பம்' என்கிறார். அதுவும் எந்த மொழியில்? தளிக்காரியின் வீட்டில் கன்னடம், பாகலூர்க்காரியின் வீட்டில் தெலுங்கு, பக்கத்துக் கட்டில்காரிக்கு ஒடியா. படிவத்தில் என்னுடைய செந்தமிழ்.

நலிந்த நிலையில் உள்ளவர்களிடம் சில வகைப் பரிசோதனைகளுக்கு ஒப்புதல் வாங்கும்போது அதை ஒளி-ஒலிப்பதிவு செய்ய வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது. நல்லது. ஆனால் கேமராவில் அவள் தலையாட்டுவது பதியும். கதவுக்கு வெளியே நிற்கும் சூப்பர்வைசர் பதியமாட்டார். இல்லை என்று சொல்ல முடியாத இடத்தில் சொல்லப்படும் ஆம் என்பதற்கு என்ன பொருள்? திருமணத்துக்குள் நடக்கும் வன்முறையைப் பற்றிப் பேசும்போது பெண்ணியம் கேட்கும் அதே கேள்விதான் இது. ஆய்வுக்கூடத்துக்குத் தனியாக இன்னொரு விடை கிடையாது.

*

இவ்வளவும் மருத்துவர்களைப் பற்றிச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. தமிழ்த் துறை ஆய்வாளர்களை எந்தக் குழுவும் கேள்வி கேட்பதில்லை. நாங்கள் ஊசி போடுவதில்லை. டேப் ரெக்கார்டர் மட்டும்தான்.

தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமான 2004-இல் நான் முனைவர் பட்டத்துக்காக ஒப்பாரி சேகரித்துக்கொண்டிருந்தேன். ஊத்தங்கரைப் பக்கம் ஓர் ஊரில் ஓர் ஆயா எனக்கு மூன்று நாள் பாடினார். இறந்த மகளுக்காக அவரே கட்டிய பாட்டு. மருமகன் வீட்டில் என்ன நடந்தது என்பது அதில் இருந்தது. "பாடு ஆயா, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று நான் சொல்லவில்லை; சொல்லத் தோன்றவே இல்லை. அவர் மறுக்கவில்லை, கேழ்வரகுக் களி கிண்டிப் போட்டார், போதாதா? ஆய்வேட்டில் மரபுப்படி 'தகவலாளி 14' என்று எழுதினேன். ஊர்ப் பெயர், சாதி, வயது, மகள் இறந்த விதம் எல்லாம் பின்னிணைப்பில் ஒழுங்காக இருந்தன.

பட்டம் வந்தது, வேலை வந்தது, ஆய்வேடு புத்தகமாகவும் வந்தது. ஆண்டுகள் கழித்து அந்த ஊர்ப் பிள்ளை ஒருத்தி கல்லூரி நூலகத்தில் அதைப் படித்துவிட்டு ஊரில் சொல்லியிருக்கிறாள். மருமகன் வீட்டார் ஆயாவின் வாசலில் வந்து நின்று கத்தியிருக்கிறார்கள். கேள்விப்பட்டுப் போனேன். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். ஆயாவுக்குக் கண் மங்கியிருந்தது. என் குரலை அடையாளம் கண்டு உட்காரச் சொன்னார். பிறகு சொன்னார்: "ஏன் பாப்பா, என் பாட்டுக்கு என் பேரு போடல. என் வூட்டுக் கதைக்கு மட்டும் ஊரு பேரு போட்டிருக்க."

பதில் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிற பாடம் அது. அகப்பாட்டில் யார் பெயரையும் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய மரபு. காதலையும் பிரிவையும் யாரோ ஒருத்தியுடையதாக வைத்தால்தான் அவள் ஊரில் தலைநிமிர்ந்து நடக்கலாம். பெயரை விட்டால் மட்டும் போதாது என்பதையும் உரையாசிரியர்கள் அறிந்திருந்தார்கள். நெடுநல்வாடையில் எந்த மன்னன் பெயரும் இல்லை. ஆனாலும் வேலில் கட்டிய வேப்பம்பூ அவன் பாண்டியன் என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது, ஆகவே அது புறம் என்றார் நச்சினார்க்கினியர். ஒரு வேம்பு போதும் ஆளை அடையாளம் காட்ட. நான் பின்னிணைப்பில் ஒரு வேப்பந்தோப்பே வைத்திருந்தேன். மறைக்க வேண்டியதைத் திறந்துவைத்து, போட வேண்டிய பெயரை மறைத்திருந்தேன். சங்கப் புலவர்களில் பெயர் தெரிந்த பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிக் கட்டுரை எழுதியவள், கண்ணெதிரே இருந்த ஒரு புலவருக்கு எண் கொடுத்திருந்தேன்.

என்ன செய்யட்டும் என்று கேட்டேன். கதையை எடுத்துவிடச் சொன்னார். பாட்டு இருக்கட்டும் என்றார். பெயரைப் போடச் சொன்னார். மூன்று நாள் பாடவைத்தபோது ஒரு தரம் கேட்டிருந்தால் இதையேதான் சொல்லியிருப்பார். அடுத்த பதிப்பில் அப்படியே செய்தேன். அச்சாகி வந்த புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நூலகங்களில் இருக்கும் பழைய பிரதிகளை நான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

குழுவில் இன்னும் இருக்கிறேன். விலகிவிடலாம் என்று தோன்றியது உண்டு. விலகினால் இரண்டு கட்டங்களையும் நிரப்ப இன்னொருத்தியைத் தேடிக்கொள்வார்கள், அவ்வளவுதான். படிவத்தின் தமிழைத் திருத்துவதை இப்போது கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் வேறு சிலவற்றைக் கேட்கிறேன். யார் கூப்பிடுவார்கள்? வராதவள் யாரென்று யாருக்குத் தெரியும்? முடிவு அவள் கைக்கு முதலில் போகுமா? முடிந்த ஆய்வுகளின் அறிக்கை வரும்போது எப்போதும் ஒன்றையே கேட்கிறேன்: வேண்டாம் என்றவர்கள் எத்தனை பேர்?

அண்மையில் ஓர் ஆய்வாளர் மகிழ்ச்சியோடு சொன்னார்: "ஒருத்தர்கூட மறுக்கல மேடம். நூத்துக்கு நூறு ஒத்துழைப்பு." கோப்பில் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினேன். அத்தனை பெண்களில் ஒருத்திக்குக்கூட அன்று உடம்பு முடியாமலோ, ஊசிக்குப் பயந்தோ, வெறுமனே பிடிக்காமலோ போகவில்லையா? எப்படிக் கூப்பிட்டீர்கள் என்று எழுதித் தாருங்கள் என்றேன். தலைவருக்கு எரிச்சல். கூட்டம் நீண்டுவிட்டது. எனக்கும் கடைசிப் பேருந்து போய்விட்டது.